தோரு தத்துக்கு அனுதாபம் தேவையில்லை

பிளஸ் டூ படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், 2019-ல் வந்த ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கவிதைப் பக்கங்களில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. தலைப்பே அதுதான். தமிழில் 'எங்கள் சவுக்கு மரம்' என்று சொல்லலாம். எழுதியவர் தோரு தத். இதைப் பாடம் நடத்துகிறவர்களில் பலர் கவிதைக்குள் போவதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: "பாவம், இருபத்தோரு வயசுலயே டி.பி. வந்து செத்துப்போச்சு அந்தப் பொண்ணு."

அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ். அதற்குப் பிறகு அந்த மரத்தில் குரங்கு ஏறினாலும் சோகம், குயில் கூவினாலும் சோகம். கவிதையைப் படிப்பது துஷ்டி விசாரிக்கப் போவது மாதிரி ஆகிவிடுகிறது. துக்க வீட்டில் யாராவது குறை சொல்வார்களா? நன்றாக இருக்கிறது என்று ரசிப்பார்களா? இரண்டும் முடியாது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அவள்' என்று போடுகிறது. கீட்ஸும் அதே காசநோயில் 1821-ல் 25 வயதில் செத்தவர்தான். கீட்ஸை யாராவது 'அவன்' என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? சின்னப் பெண், நோயாளி, பாவம் என்று மூன்றும் சேர்ந்து ஒரு எழுத்தாளரைப் பக்கத்து வீட்டுக் குழந்தையாக்கிவிடுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க 'அவர்'தான்.

வாழ்க்கை வரலாறு சின்னது, சீக்கிரம் சொல்லிவிடலாம். 1856 மார்ச் 4, கல்கத்தாவில் ராம்பாகான் தத் குடும்பத்தில் பிறப்பு. முழுப்பெயர் தருலதா. தரு என்றால் மரம், லதா என்றால் கொடி. வங்காளி வாயில் 'தரு' தோரு ஆகிறது. கற்பகத்தருவில் வருகிற அதே தரு. பொருளாதார வரலாறு எழுதிய ரொமேஷ் சந்திர தத் இவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்பா கோவிந்த சந்திர தத் இங்கிலீஷில் கவிதை எழுதுகிறவர். 1862-ல் குடும்பமே கிறிஸ்தவ மதத்துக்கு மாறியது. மூன்று பிள்ளைகள்: அப்ஜு, ஆரு, தோரு. அண்ணன் அப்ஜு 1865-ல் 14 வயதில் போய்விட்டான். 1869-ல் மிச்சமிருந்த நால்வரும் கப்பலேறி ஃபிரான்ஸ் போனார்கள். நீஸ் நகரத்தில் சில மாதம் பள்ளிக்கூடம். தோரு ஜன்மத்தில் பள்ளிக்கூடம் போனது அந்தச் சில மாதங்கள்தான். பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ். கேம்பிரிட்ஜில் பெண்களுக்காக அப்போது தொடங்கியிருந்த உயர் வகுப்புச் சொற்பொழிவுகளைச் சகோதரிகள் இருவரும் கேட்டார்கள். 1873-ல் கல்கத்தா திரும்பினார்கள். 1874 ஜூலையில் ஆரு காசநோயில் இறந்தார், வயது 20. 1877 ஆகஸ்ட் 30-ல் தோரு.

இனி நான் சொல்லவந்த விஷயம். அனுதாபத்தை யார் ஆரம்பித்து வைத்தது? எட்மண்ட் கோஸ் என்கிற இங்கிலீஷ் விமரிசகர். நல்ல மனிதர், தோருவை உலகத்துக்குக் காட்டியவரே அவர்தான். அவர் சொல்கிற கதை சுவாரஸ்யமானது. 1876 ஆகஸ்ட் மாதம். லண்டனில் புத்தகங்களே வராத வறட்சிக் காலம். 'எக்ஸாமினர்' பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து, மதிப்புரை எழுத ஒரு உருப்படியான புத்தகம் இல்லையே என்று பதிப்பாளர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தபால்காரர் இந்திய முத்திரை குத்திய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து போடுகிறார். உள்ளே ஆரஞ்சு நிற அட்டை போட்ட அவலட்சணமான ஒரு புத்தகம். முன்னுரை கிடையாது, அறிமுகம் கிடையாது. கல்கத்தா பவானிபூரில் அச்சடித்தது. குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய ஜாதி. ஆசிரியர் மின்டோ அதைத் தூக்கி கோஸ் கையில் திணிக்கிறார். பிரித்துப் படித்தால், ஃபிரெஞ்சுக் கவிதைகளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. ஆள் அசந்துபோகிறார்.

இதுவரை சரி. தோரு இறந்தபிறகு 1882-ல் லண்டனில் வந்த 'இந்துஸ்தானத்தின் பழங்கதைப் பாடல்கள்' புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போதுதான் கோஸ் வழியை மாற்றிவிடுகிறார். வாடிப்போன பூ, எங்கோ பிறந்து இங்கே வாசம் வீசிய மென்மலர் என்கிற தினுசில் ஒரு படம் வரைகிறார். அந்தப் பூவை அதற்கப்புறம் யாருமே கீழே வைக்கவில்லை. நூற்றி நாற்பது வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பூ என்ன வேலை செய்தது என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கல்கத்தா திரும்பியதற்கும் சாவுக்கும் நடுவே நாலு வருஷம். அதில் பதினெட்டு வயதில் லெகோந்த் தெ லீல் என்ற ஃபிரெஞ்சுக் கவிஞரைப் பற்றி 'பெங்கால் மேகஸின்' பத்திரிகையில் விமரிசனக் கட்டுரை. ஃபிரெஞ்சு சட்டசபையில் விக்டர் ஹ்யூகோவும் தியேரும் பேசிய பேச்சுகளை இங்கிலீஷில் பெயர்த்து அதே பத்திரிகையில் போட்டார். 1876 மார்ச்சில் அந்த ஆரஞ்சுப் புத்தகம். அதில் 160-க்கு மேல் கவிதைகள், எட்டு மட்டும் அக்கா ஆரு செய்தவை. கூடவே சமஸ்கிருதம் படிக்க ஆரம்பித்து, அப்பாவும் மகளுமாக ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து விஷ்ணு புராணம்வரை வந்துவிட்டார். ஃபிரெஞ்சில் முழுசாக ஒரு நாவல். இங்கிலீஷில் பாதி நாவல். இருமலுக்கும் ரத்தத்துக்கும் நடுவே செய்தது என்று சொன்னால் மறுபடி அனுதாபம் வந்துவிடும். நாள் தவறாமல் மேஜைக்கு வந்து உட்கார்ந்த ஒரு ஆள் செய்தது என்று சொல்லிப் பாருங்கள். தொழில்காரரின் வேகம் இது.

ஆரஞ்சுப் புத்தகத்தின் கடைசியில் அவர் போட்டிருக்கும் குறிப்புகள் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த ஃபிரெஞ்சுக் கவிஞர் தேவலை, எவர் சுமார் என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போகிறார். கோஸுக்கு இது சிரிப்பு மூட்டியது. சில விஷயங்களில் அபாரப் படிப்பு, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். வாஸ்தவம்தான். அவர் கையில் என்ன புத்தகம் கிடைத்ததோ அதை வைத்துத்தானே சொல்லமுடியும்? பாரீஸில் நேற்று வந்தது பவானிபூரில் கிடைக்குமா? ஆனால் குறிப்புகளின் தொனியைக் கவனியுங்கள். மதிப்பெண்ணுக்காக மூத்தவர்களின் முகத்தைப் பார்க்கிற தொனி இல்லை. ஹ்யூகோவுடன் சரிசமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு உதாரணம், நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஜடபரதர். ராஜ்யத்தைத் துறந்து காட்டில் தவம் செய்கிறார். சிங்கத்தின் கர்ஜனைக்குப் பயந்து ஆற்றைத் தாண்டிய மான் குட்டி போட்டுவிட்டுச் சாகிறது. குட்டியை எடுத்து வளர்க்கிறார். தவம் போய் மானே நினைவாகி, சாகும்போதும் மானையே நினைத்து, அடுத்த ஜன்மத்தில் மானாகவே பிறக்கிறார். பற்று வைக்காதே என்பது கதையின் பாடம். பாட்டிகள் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். தோரு இதை அப்படியே எதுகை இல்லாத நடையில் சொல்லிக்கொண்டு வருகிறார். கடைசியில் புராணிகரை மடக்குகிறார். அந்தத் துறவி மான்குட்டிமேல் அன்பு வைத்ததில் என்ன பாவம்? ஊரை விட்டு ஓடிப்போய் மனசை மரக்கட்டை ஆக்கிக்கொள்வதுதான் தவமா? மனிதர்கள் நடுவே, சுகதுக்கங்கள் நடுவே இருந்துகொண்டு அன்பு செய்வது உயர்ந்ததில்லையா? இப்படி ஒரு வாதம்.

வாதத்தில் கிறிஸ்தவ வாசனை அடிக்கிறது, மறுக்கவில்லை. கவிதையாக அந்தக் கடைசிப் பகுதி கொஞ்சம் பிரசங்கமும்கூட. இருந்தாலும் ஒரு இருபது வயதுப் பெண் விஷ்ணு புராணத்தை மூலத்தில் படித்து, மரியாதை குறையாமல் எடுத்துச் சொல்லி, பிறகு 'இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கையெழுத்துப் போடுகிறார். வாடிய மலர் செய்கிற காரியமா இது?

'ஜோகாத்யா உமா' இன்னும் நல்ல கவிதை. என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்திலேயே அதுதான் முதல். திருவிளையாடலில் சொக்கநாதர் வளையல் விற்க வருவார் இல்லையா? வங்காளத்தில் தலைகீழ். சங்கு வளையல் விற்கிறவன் கூவிக்கொண்டு வருகிறான். குளக்கரையில் ஒரு பெண் வளையல் போட்டுக்கொள்கிறாள். 'காசை எங்கப்பாகிட்ட வாங்கிக்கோ, கோயில் பூசாரி' என்கிறாள். பூசாரிக்குப் பெண்ணே கிடையாது. இருவரும் பதறிக்கொண்டு குளத்துக்கு வருகிறார்கள். யாரும் இல்லை. கூப்பிட்டதும் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்புகிறது, புது வளையலோடு. அந்த விடிகாலை, அந்தத் தெரு, வளையல்காரன் குரல், தண்ணீரின் நிறம் எல்லாம் துல்லியம். கதையை முடித்துவிட்டு, இந்தக் காலத்துக்கு ஒவ்வாத கதைதான், ஆனால் இதைச் சொன்ன வாய் எனக்குப் பிரியமானது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோள்குலுக்கிக்கொண்டு போய்விடுகிறார். ஞானஸ்நானம் பெற்ற வீட்டில் உமா வந்து உட்கார்ந்தது பற்றி விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

சரி, எல்லாமே பிரமாதமா? கிடையாது. 'சாவித்திரி' நீளம். எட்டசை வரிகளை நிரப்ப அங்கங்கே பஞ்சு அடைத்திருக்கிறார். அக்கால இங்கிலீஷ் கவிதையில் புழங்கிய 'அந்தோ', 'காண்' வகையறா சொற்கள் எக்கச்சக்கம். ஆனால் அதிலும் ஒரு இடம் உண்டு. அந்தக் காலத்தில் சாவித்திரி இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாள், வந்தாள், இப்போது மாதிரி பெண்களை அந்தப்புரத்தில் பூட்டிவைக்கவில்லை என்று கதைக்கு நடுவே ஒரு குத்து. கேம்பிரிட்ஜில் தெருவில் சுதந்திரமாக நடந்துவிட்டு, கல்கத்தாவில் வீடும் பாக்மாரி தோட்டமுமாக அடைபட்டவர் எழுதியது. வயிற்றெரிச்சல் இருக்காதா?

அந்த எரிச்சலைக் கடிதங்களில் நேராகவே பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் தோழி மேரி மார்ட்டினுக்கு எழுதியவை. ஹரிஹர் தாஸ் தொகுத்து 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. வீட்டுக் குதிரைகள் ஜெனெட், ஜாந்தீய். பூனைகள், மாம்பழம், வெயில், எந்தப் புத்தகம் பார்சலில் வந்தது என்று ஒரே அரட்டை. நடுவே இந்தியர்களுக்குக் கொடுமை செய்த வெள்ளைக்காரர்களைக் கோர்ட் லேசாக விட்டுவிடுவதைப் பற்றிக் கொதிப்பு. ஒரு தரம், நம் ஜனங்களை 'நேட்டிவ்ஸ்' என்று தோருவே எழுதிவிட, இங்கிலீஷ்காரத் தோழி கண்டிக்கிறாள். நீ சொன்னது சரி, இனி இந்தியர்கள் என்றே எழுதுகிறேன் என்று பதில் போகிறது. வேடிக்கையாக இல்லை? நோயைப் பற்றியும் எழுதுகிறார், மறைக்கவில்லை. இருமல், ரத்தம், டாக்டர் வந்தார் என்று இரண்டு வரி. உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நாம்தான் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிடுகிறோம்.

அந்த நூற்றாண்டில் காசநோய்க்கு ஒரு கவர்ச்சி இருந்தது. வெளுத்த முகம், பளபளக்கும் கண், கலையுணர்ச்சி மிகுந்தவர்களுக்கு வருகிற வியாதி என்று ஐரோப்பாவில் கதைகட்டி வைத்திருந்தார்கள். ராபர்ட் கோக் பெர்லினில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச்சில். தோருவின் பாடல்கள் லண்டனில் அச்சானதும் அதே வருஷம். அதுவரை அது தொற்றுநோய் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஒன்றாகப் படித்து, ஒன்றாக மொழிபெயர்த்து வாழ்ந்தார்கள். ஆருவிடமிருந்து தோருவுக்கு வந்திருக்கலாம். ஒரு பாசிலஸ் செய்த வேலை. அதில் கவிதை ஏதுமில்லை.

இப்போது சவுக்கு மரத்துக்கு வருவோம். நமக்குச் சவுக்கு என்றால் பந்தக்கால், விறகு, கடற்கரை மணல் பறக்காமல் இருக்க ஒரு தடுப்பு. நாலைந்து வருஷத்தில் வெட்டிவிடுவோம். பாக்மாரியில் இருந்தது வெட்டாமல் வளர்ந்த பூதம். அதைச் சுற்றி ஒரு ராட்சசக் கொடி, மலைப்பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு உச்சிவரை ஏறியிருக்கிறது. அடிமரத்தில் கொடி அழுத்திய வடு ஆழமாகத் தெரிகிறது. வேறெந்த மரமாக இருந்தாலும் செத்திருக்கும் என்கிறார். இது அந்தக் கொடியையே சால்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ, தேனீ, பறவை. முதல் பதினோரு வரிகளில் இவ்வளவு. சோகம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? தருலதா என்று பெயர் வைத்துக்கொண்டவர் மரத்தையும் கொடியையும் பற்றி எழுதும்போது உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்து விடிகாலை. ஜன்னலைத் திறந்தால் உச்சிக் கொம்பில் ஒரு கிழட்டுக் குரங்கு சிலை மாதிரித் தனியாக உட்கார்ந்து சூரியோதயம் பார்க்கிறது. கீழ்க்கிளைகளில் அதன் குட்டிகள் குதித்து விளையாடுகின்றன. 'பபூன்' என்று எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் ஏது பபூன்? லங்கூராகத்தான் இருக்கும். போகட்டும், படம் மனதில் நிற்கிறதா இல்லையா?

மூன்றாவது பத்தியில்தான் தன்னோடு அதன் நிழலில் விளையாடியவர்கள் வருகிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம். மரம் முனகுகிறது, கூழாங்கல் கரையில் கடல் உடைகிற மாதிரி. இதை வெறும் துக்கக் குறியீடு என்று நோட்ஸில் எழுதிப் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை மாமல்லபுரம் போகிற வழியில் சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் கடலா, மரமா என்று தெரியாது. ஊசி ஊசியான அந்தக் கிளைகளுக்குள் காற்று புகுந்தால் அலையின் ஓசைதான் வரும். தோரு சரியாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். நிஜக் கடற்கரையில், ஃபிரான்ஸிலும் இத்தாலியிலும் நின்றபோது, தன் வீட்டு மரம் நினைவுக்கு வந்தது என்று அவர் சொல்வது அதனால்தான் பொய்யாக இல்லை. கவிதையின் கடைசிப் பத்தி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வேர்ட்ஸ்வொர்த் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இங்கிலீஷ் யூ மரங்கள் வந்துவிடுகின்றன, பாஷை கனத்துப் போகிறது. முதல் இரண்டு பத்திகளில் இருந்த கண் மூடிக்கொண்டுவிடுகிறது. பரீட்சைக்குக் கேட்பது எல்லாம் அந்தக் கடைசிப் பத்திதான் என்பது நம் தலையெழுத்து.

'சீதா' என்று ஒரு சின்னப் பாட்டும் உண்டு. இருட்டறையில் மூன்று குழந்தைகள், அம்மா காட்டில் விட்ட சீதையின் கதை சொல்கிறாள், மூன்றும் அழுகின்றன. எழுதும்போது மூன்றில் இரண்டு இல்லை. அதைப் படித்து நீங்கள் அழுதால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது அவரே கேட்டு வாங்குகிற கண்ணீர், சரக்கு கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறார்.

நாவல்களை விட்டுவிட்டேன். ஃபிரெஞ்சு நாவல் 'மத்மொஸெல் தார்வெரின் நாட்குறிப்பு' அவர் இறந்தபின் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. 1879-ல் பாரீஸில் வெளியானது. பிரித்தானிப் பகுதியில் ஒரு பிரபு வீடு, ஒரே பெண்ணை விரும்பும் அண்ணன் தம்பி, பைத்தியம், கொலை. நம்ம ஊர் மெலோடிராமாவுக்குச் சளைத்ததில்லை. ஆருதான் இதற்குப் படம் வரைவதாக ஏற்பாடு. ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கமலா என்பவர் ஃபிரெஞ்சிலிருந்து இங்கிலீஷில் பெயர்த்து 2005-ல் பெங்குயினில் வந்தது. இங்கிலீஷ் நாவல் 'பியான்கா' அக்காவின் சவ அடக்கத்தில் தொடங்கி, எட்டாவது அத்தியாயத்தில், காதலன் கிரிமியா யுத்தத்துக்குக் கிளம்புகிற இடத்தில் நின்றுவிடுகிறது. அதில் வருகிற ஸ்பானிஷ் அப்பாவின் கோபம் அசலானது, மற்றவர்கள் சுமார்.

தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு: சாந்தனி லொகுகே தொகுத்த உரைநடையும் கவிதையும் சேர்ந்த புத்தகம் 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. கடிதங்களில் ஆரம்பியுங்கள். பிறகு வளையல்காரன், ஜடபரதர், அப்புறம் சவுக்கு மரம். எட்மண்ட் கோஸின் முன்னுரை எங்காவது கண்ணில் பட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.